கோவில்பட்டிக்கு மழை உண்டா? ஏழு நாள் முன்னறிவிப்பும் அதன் மேகங்களும்

"தென் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்." வருஷத்தில் பாதி நாள் நம் காதில் விழும் அறிவிப்பு இது. கோவில்பட்டியில் இதைக் கேட்பவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அந்த ஓரிரு இடத்துல நம்ம ஊர் உண்டாண்ணே?" டீக்கடையில் இது கேலியாகக் கேட்கப்படுகிறது. ஆனால் வானிலை அறிவியலில் ஒரு நூற்றாண்டாக விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வியும் இதுதான். ஒரு சிற்றூருக்கு, ஒரு வாரம் முன்னதாக, மழை வரும் வராது என்று சொல்ல முடியுமா? முடியும் என்றும் முடியாது என்றும் இரண்டு கட்சி கட்டிப் பேசுகிறார்கள். எந்த மேகத்தின் மழையைப் பற்றிக் கேட்கிறோம் என்று தெரியாமல் இதற்கு விடை சொல்லவே முடியாது என்பது என் எண்ணம். சில மேகங்கள் ஒரு வாரத்துக்கு முன்பே சேதி அனுப்பிவிட்டு வரும். சில மேகங்கள் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்கூடச் சொல்லாது.

கோவில்பட்டியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதன் இருப்பிடம். கிழக்கே மன்னார் வளைகுடா, மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில், இரு பக்கமும் ஐம்பது கிலோமீட்டர் அளவில் தள்ளி, கரிசல் மண்ணில் ஊர் கிடக்கிறது. கடல் மழையும் முழுசாக வராது, மலை மழையும் முழுசாக வராது. மாநிலச் சராசரியைவிடக் குறைவான மழைதான் கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தாக வேண்டும். சுற்றிலும் மானாவாரி: மக்காச்சோளம், உளுந்து, பாசி, பருத்தி, கம்பு. ஊருக்குள் தீப்பெட்டி ஆபீஸ்கள். மருந்து முக்கிய குச்சி ஈரக்காற்றில் சரியாகக் காயாது. மூட்டம் போட்டால் அன்றைய வேலையே தள்ளிப் போகும். உளுந்து நெத்து முற்றி நிற்கும் தை மாதத்தில் இரண்டு நாள் மழை பிடித்தால் செடியிலேயே முளை விட்டுவிடும். இவர்களுக்கு அடுத்த வாரத்து வானம் கூலியும் விளைச்சலும் சம்பந்தப்பட்ட விஷயம்.

முதலில் அறிவிப்பின் சொற்களைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிச் சண்டை அங்கிருந்துதான் கிளம்புகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 'ஓரிரு இடங்கள்' என்றால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும் என்று பொருள். 'ஒருசில இடங்கள்' என்றால் 26 முதல் 50 சதவீதம். அதாவது ஓரிரு இடங்களில் மழை என்ற அறிவிப்பு, முக்கால்வாசி ஊர்களுக்கு மழை இல்லை என்ற அறிவிப்பும்தான். யாரும் அதை அப்படிக் காதில் வாங்குவதில்லை. அளவுக்கும் வரையறை உண்டு. ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டர் பெய்தாலே அது மழை நாள். 64.5 மில்லிமீட்டரில் கனமழை தொடங்குகிறது, 115.6-ல் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. அன்றன்று காலை 8.30 மணிக்குக் கணக்கை முடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொட்டிய மழை திங்கட்கிழமைக் கணக்கில் வருவது இதனால்தான்.

கரிசல் சம்சாரியின் கணக்கு வேறு. அவருக்கு அளவு 'உழவு மழை'. ஏர் பூட்டி உழுகிற பதத்துக்கு மண் நனைந்ததா என்பதே கேள்வி. 2.5 மில்லிமீட்டர் மழை, வெடித்துக் கிடக்கும் கரிசலின் வாயைக்கூட நனைக்காது. துறையின் ஏட்டில் மழை நாள், சம்சாரி கணக்கில் தூத்தல். இரண்டு கணக்கும் சரிதான். ஆனால் முன்னறிவிப்பைக் கேட்கும்போது எந்தக் கணக்கில் கேட்கிறோம் என்பது நினைவிருக்க வேண்டும்.

இனி மேகத்துக்கு வரலாம். 1802-ல் லண்டனில் மருந்துத் தொழில் செய்துவந்த லூக் ஹோவர்டு என்பவர் ஒரு சிறிய அறிவியல் சங்கத்தில் உரையாற்றினார். ஓயாமல் உருமாறும் மேகத்துக்கும் வகை உண்டு, பெயர் வைக்கலாம் என்றார். அவர் வைத்த லத்தீன் பெயர்களே இன்றைய வகைப்பாட்டுக்கு வேர். இப்போது உலக வானிலை அமைப்பு பத்துப் பேரினங்களாக மேகங்களைப் பிரிக்கிறது. நம் பள்ளிப் பாடநூல்களில் கீற்று, திரள், படை, கார் என்ற நான்கு சொற்களைக் கூட்டியும் குறைத்தும் அந்தப் பத்துக்கும் அழகாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உயரத்தில் கீற்று, கீற்றுத்திரள், கீற்றுப்படை. நடுவில் இடைப்பட்ட திரள், இடைப்பட்ட படை. தாழ்வில் படை, படைத்திரள். கீழிருந்து மேலே வளரும் திரளும் கார்திரளும். நாள் முழுக்க அழுது வடியும் கார்படை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துபோகிற பட்டியல் இது. மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்த்துக் கற்றுக்கொண்டால் மறக்காது. மேகம் வானத்தை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வானத்தை எட்டுப் பங்காக வைத்து, எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று பார்வையாளர் குறிக்கிறார். எட்டுக்கு எட்டு மூடிய நாளில் சொட்டு மழை இல்லாமலும், எட்டுக்கு இரண்டு மூடிய நாளில் தெரு வெள்ளமாகவும் இருக்கலாம்.

இதற்குக் கோவில்பட்டியின் ஆனி, ஆடி மாதங்களே சாட்சி. ஆரியங்காவு, செங்கோட்டை வழியாக மேல்காற்று தடதடவென்று இறங்கும். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் இராப்பகலாகச் சுற்றும். மேற்கே பார்த்தால் மலையின் தலையில் மேகம் மூட்டையாகக் குவிந்திருக்கும். குற்றாலத்தில் சாரல் என்று செய்தி வரும். நம் தலைக்கு மேலே படைத்திரள் மேகங்களும் சின்னச் சின்னத் திரள் மேகங்களும் கிழக்கே ஓடிக்கொண்டே இருக்கும். மழை இருக்காது. மலையின் கேரளப் பக்கத்தில் ஏறும்போதே காற்று பெரும்பாலான நீரைக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி உலர்கிறது. எஞ்சிய மேகம் கனமில்லாத, வளர வழியில்லாத மேகம். இந்த நாட்களில் வாரத்துக்கான முன்னறிவிப்பு ஏறக்குறைய சலிப்பூட்டும் அளவுக்குச் சரியாக இருக்கும்: பகுதி மேகமூட்டம், பலத்த காற்று, மழை வாய்ப்புக் குறைவு. ஏழாவது நாளுக்கும் தைரியமாகச் சொல்லலாம். மருந்தடிக்க நினைப்பவர் மழையைவிடக் காற்றின் வேகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதே மாதங்களில் கவனித்துப் பார்த்தால் வானத்தில் ஒரு வேடிக்கை தெரியும். தாழ்வான மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே ஓட, அவற்றுக்கு மேலே வெகு உயரத்தில் மெல்லிய கீற்று மேகங்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகரும். ஒரே வானம், எதிரெதிர்க் காற்று. ஏறத்தாழ 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் தென்மேற்குப் பருவ காலத்தில் வீசும் கீழைக் காற்றோட்டம் அது. அதை 1958-ல் விரிவாக விளக்கி எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். பெரிய கருவிகளுக்கு எட்டிய உண்மையின் ஒரு ஓரம் வெறுங்கண்ணுக்கும் எட்டுவது இந்தத் துறையில் எனக்குப் பிடித்த விஷயம்.

சிக்கல் சித்திரையிலும் வைகாசியிலும், மறுபடி ஆவணி, புரட்டாசியிலும் இருக்கிறது. அறிவிப்பில் 'வெப்பச்சலனம் காரணமாக' என்று வந்தால் அது கார்திரள் மேகத்தின் காலம். காலையில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். பதினொரு மணிக்கு ஆங்காங்கே அடி தட்டையான திரள் மேகங்கள் முளைக்கும். அந்தத் தட்டையான அடி எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று மனக்கணக்காகவே சொல்லலாம். காற்றின் வெப்பநிலைக்கும், ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை, ஒரு டிகிரிக்கு 125 மீட்டர் என்று பெருக்கினால் போதும். 38 டிகிரி வெயில், 20 டிகிரி பனிநிலை என்றால் மேகத்தின் அடி 2,250 மீட்டரில். கரிசல் வெயிலில் அடி இவ்வளவு மேலே போய்விடுவதால்தான் சில நாள் மேகத்திலிருந்து மழை இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தும் தரைக்கு வந்து சேர்வதில்லை. பாதி வழியிலேயே உலர்ந்துவிடுகிறது. உலரும்போது குளிர்ந்த காற்று கீழே பாய்கிறது. புழுதியைக் கிளப்பி, தகரத்தைத் தூக்கிவிட்டு, ஒரு சொட்டும் தராமல் போகிறது.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்து மேல்காற்றோடு முட்டினால் கதை மாறும். முட்டும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. திரள் மேகத்தின் தலை மடமடவென்று உயரும். ஓரங்கள் கூர்மையாக, வெள்ளை வெளேரென்று இருக்கும்வரை அது வளர்கிறது என்று அர்த்தம். உச்சி மங்கி, நார் நாராகப் பிரிந்து, பட்டறைக் கல்லின் தலைபோல் பக்கவாட்டில் விரிந்தால் அது கார்திரளாகிவிட்டது. நம் பகுதியில் அதன் தலை 15 கிலோமீட்டரையும் தாண்டும். மேகத்துக்குள் பனித்துகளும் ஆலங்கட்டியும் உரசி மின்னேற்றம் பிரிந்து, இடி தொடங்கும். தனி மேகமாக இருந்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஆயுள் முடிந்துவிடும். அதற்குள் எட்டயபுரத்தில் ஓடை பெருகியிருக்கும், பதினைந்து கிலோமீட்டர் மேற்கே கோவில்பட்டியில் புழுதி பறந்துகொண்டிருக்கும்.

இந்த மேகத்தை ஏழு நாள் முன்னதாக ஏன் சொல்ல முடியவில்லை? உலையில் தண்ணீர் கொதிக்கும் என்று தெரியும், முதல் குமிழி எந்த இடத்தில் எழும் என்று தெரியாது. வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரி, வளிமண்டலத்தைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கணக்குப் போடுகிறது. இந்தியாவில் பல ஆண்டுகள் 12 கிலோமீட்டர் சதுரங்களைக் கொண்ட உலக மாதிரி நடைமுறையில் இருந்தது. 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் சதுரங்களைக் கொண்ட பாரத் முன்னறிவிப்பு அமைப்பு வந்தது. ஒரு கார்திரளின் மழை விழும் நடுப்பகுதியே சில கிலோமீட்டர் அகலம்தான். 12 கிலோமீட்டர்ச் சதுரத்தில் அது முழுசாக மறைந்துபோகும், 6 கிலோமீட்டரிலும் தேய்ந்துதான் தெரியும். அதோடு 1963-ல் எட்வர்டு லோரன்ஸ் காட்டிய தடையும் இருக்கிறது. தொடக்க அளவீட்டில் உள்ள சிறு பிழை நாள் செல்லச் செல்லப் பெருகும். பெரிய காற்றோட்டங்களுக்கு இரண்டு வாரம் எல்லை என்றால், ஒற்றை இடிமேகத்துக்கு எல்லை மணிக்கணக்கில். ஆகவே வெப்பச்சலன வாரத்தில் முன்னறிவிப்பு நேர்மையாகச் சொல்லக்கூடியது, எந்தெந்த நாட்களில் இடிமழைக்குச் சூழல் இருக்கிறது என்பது மட்டும்தான். எந்த ஊர் என்பதை அன்று பிற்பகல் வானம்தான் சொல்லும்.

ஐப்பசி பிறந்ததும் நிலைமை தலைகீழாகிறது. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாவதை மாதிரிகள் நான்கைந்து நாட்களுக்கு முன்பே, பல சமயம் ஒரு வாரத்துக்கு முன்பே காட்டிவிடுகின்றன. அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள சுழற்சி, ஆறு கிலோமீட்டர் சதுரத்தில் ஒளிந்துகொள்ள முடியாது. அது வரும் ஒழுங்கையும் வானத்தில் பார்க்கலாம். முதலில் கீற்று. பிறகு நிலாவைச் சுற்றி வட்டம் போடும் கீற்றுப்படை. அதில் உள்ள பனிப்படிகங்கள் ஒளியை 22 டிகிரி விலக்குவதால் விழும் வட்டம் அது. அகல வட்டம் பகல் மழை என்று நம் பெரியவர்கள் சொன்னதற்குப் பின்னால் இவ்வளவு இயற்பியல் இருக்கிறது. ஆனால் பழமொழி எல்லா வட்டத்துக்கும் ஒரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. தூரத்தில் கலைந்துபோன இடிமேகத்தின் மிச்சமும் அதே வட்டத்தைப் போடும், மழை வராது. வட்டத்துக்குப் பின்னால் மேகம் தடிக்கிறதா, சூரியன் நிழல் விழாத அளவுக்கு மங்குகிறதா, கீழ்காற்று வலுக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மங்கினால் அது இடைப்பட்ட படை. அதுவும் இறங்கிக் கறுத்தால் கார்படை: இடி அதிகமில்லாமல், விட்டுவிடாமல், ஊர் முழுக்க ஒரே சீராகப் பெய்யும் அடைமழை. இந்த மழைக்குத்தான் வார முன்னறிவிப்பு கை கொடுக்கும். கரிசலில் பருத்தியையும் சோளத்தையும் பருவமழைக்குச் சற்று முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடும் பழக்கம் உண்டு. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் அதைப் பரிந்துரைக்கிறது. அந்தச் சூதாட்டத்தில் ஒரு வாரச் சேதி என்பது பெரிய கைச்சீட்டு. செவ்வாயும் வெள்ளியும் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கை இதற்காகவே இருக்கிறது.

இந்த ஒழுங்கும் எப்போதும் செல்லுபடியாகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் இங்கே மறக்கவில்லை. குமரிக்கடல் பகுதியில் இருந்தது பெயர் வைக்கும் அளவுக்கு வளர்ந்த புயல்கூட இல்லை, ஒரு வளிமண்டலச் சுழற்சிதான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டில் கிடைப்பதைவிட அதிகம். திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்தில் நின்றது. கோவில்பட்டியும் அந்த மழைக்குள்தான் இருந்தது. முன்கூட்டியே எச்சரித்தோம் என்று ஒரு தரப்பும், இந்த அளவு வரும் என்று சொல்லவில்லை என்று மறு தரப்பும் வாதிட்டன. இரண்டுமே உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது. தென் மாவட்டங்களில் கனமழை என்பது நாட்கணக்கில் முன்பே தெரிந்திருந்தது. அது பெரிய சுழற்சியின் சேதி. அந்தச் சுழற்சிக்குள் கார்திரள்கள் அடுத்தடுத்து ஒரே இடத்தின் மேல் முளைத்துக்கொண்டே இருக்கும் என்பது மேகத்தின் சேதி. அது முன்பே தெரியவில்லை, அன்றைய நிலையில் தெரிந்திருக்கவும் முடியாது. ஒரு குறை மட்டும் மனிதர் செய்தது: அதி கனமழை என்ற வகைக்கு 204.4 மில்லிமீட்டரில் தொடக்கம் உண்டு, உச்சவரம்பு கிடையாது. 21 சென்டிமீட்டரும் 95 சென்டிமீட்டரும் அதே சிவப்பு நிறத்தில் வருகின்றன. 21 சென்டிமீட்டருக்குத் தெருவில் தண்ணீர் நிற்கும். 95 சென்டிமீட்டருக்கு ஊரே நிற்காது.

கைப்பேசிச் செயலிகள் காட்டும் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏழு நாளுக்கும் ஏழு படம், மணிக்கு மணி சதவீதம். பார்த்தால் யாரோ நம் ஊருக்கென்று உட்கார்ந்து கணித்ததுபோல் இருக்கும். பெரும்பாலும் அது ஏதோ ஓர் உலக மாதிரியின் சதுரத்திலிருந்து எந்திரம் எடுத்துப் போட்ட எண். 40 சதவீதம் என்றால் ஊரில் 40 சதவீதப் பரப்பில் பெய்யும் என்றோ, பகலில் 40 சதவீத நேரம் பெய்யும் என்றோ பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இதேபோன்ற சூழல் பத்து முறை வந்தால் நான்கு முறை மழை கிடைக்கும் என்பதே அதன் பொருள். தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி மாதிரியைப் பலமுறை ஓட்டிப் பார்ப்பதிலிருந்து இந்த வகை எண் கிடைக்கிறது. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையம் 1992 முதல் இப்படிச் செய்கிறது, இப்போது 51 ஓட்டம். ஐம்பதில் நாற்பது ஓட்டம் வியாழக்கிழமை மழை என்றால் நம்பலாம். ஆளுக்கொரு நாள் சொன்னால் அந்த வாரத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது என்று அர்த்தம், அதுவும் ஒரு பயனுள்ள தகவல்தான். ஆனால் எந்தச் செயலியும் அந்தக் குழப்பத்தைப் படமாகப் போடுவதில்லை. ஏழாம் நாளுக்கும் முதல் நாளுக்கும் ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில் ஒரே மேகப் படம்.

ஒரு காலத்தில் தொலைக்காட்சியில் வானிலைத் துறை அதிகாரி ரமணன் சொன்னால்தான் பள்ளி விடுமுறை. 2016-ல் அவர் ஓய்வு பெற்ற பின் அந்த இடத்தைச் சமூக ஊடகத்தில் 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் போன்ற தனி ஆர்வலர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் வரவு எனக்கு நல்லதாகவே தெரிகிறது. மாவட்டத்துக்குப் பொதுவாகச் சொன்னதை ஊர்ப் பெயரில் சொல்கிறார்கள், எவ்வளவு நிச்சயம் என்பதையும் பேச்சு மொழியில் சொல்கிறார்கள். நான்கைந்து நாள் தள்ளி வரும் மழையை ஊர்ப் பெயர் போட்டு அடித்துச் சொல்பவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் தள்ளியே நின்று கேட்கலாம், வெப்பச்சலன மாதங்களில் இன்னும் தள்ளி.

கடைசி சில மணி நேரத்துக்கு ரேடார்தான் கண். அங்கேதான் தெற்குக்குக் குறை. 2023 வெள்ளத்தின்போது நமக்கு அருகிலிருந்த ரேடார்கள் காரைக்காலிலும், மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்திலும், கொச்சியிலும் இருந்தன. பூமி வளைந்திருப்பதால் தூரம் போகப் போக ரேடார் கதிர் தரையைவிட்டு மேலேறிவிடும். இருநூறு கிலோமீட்டரில் அது பல கிலோமீட்டர் உயரத்தில் போகும். மேகத்தின் தலை தெரியும், காலடியில் என்ன கொட்டுகிறது என்று தெரியாது. மேற்குப் பக்க ரேடார்களை மலையும் மறைக்கும். மின்னலுக்கு மட்டும் தாமினி செயலி இருக்கிறது. நாட்டில் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் மின்னலுக்குப் பலியாகும்போது, காட்டு வேலைக்குப் போகிறவர் கைப்பேசியில் அது இருப்பது நல்லது. இல்லாதவருக்கு எண்ணிக்கை இருக்கிறது: மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் வேப்பமரத்தடி, பனைமரத்தடியை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

உள்ளூரில் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று பாக்கி இருக்கிறது. போன வாரம் சொன்னதையும் நடந்ததையும் அருகருகே போட்டு ஊரறிய வைப்பது. வானிலைத் துறை தன் கணிப்புகளைச் சரிபார்க்கத்தான் செய்கிறது, ஆனால் அது மாநில அளவில், நிபுணர்கள் படிக்கும் அறிக்கைகளில் கிடக்கிறது. தாலுகா அலுவலக மழைமானியின் தினக் கணக்கு நம் ஊரிலேயே இருக்கிறது. ஒரு பள்ளியின் கரும்பலகையில் ஏழு நாள் முன்னறிவிப்பு ஒரு பத்தி, காலை 8.30 மணி அளவு ஒரு பத்தி, முந்தின நாள் பிற்பகல் கண்ட மேகத்தின் பெயர் ஒரு பத்தி என்று பிள்ளைகளே எழுதலாம். சித்திரையில் முதல் இரண்டு பத்தியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடும், கார்த்திகையில் நெருங்கி வரும். இரண்டு வருஷக் கணக்கு சேர்ந்தால், எந்த மாதத்தில் எத்தனையாவது நாள்வரை அறிவிப்பை நம்பி விதைக்கலாம், குச்சி காயப் போடலாம் என்பதற்குக் கோவில்பட்டியிடம் சொந்தமாக ஒரு அட்டவணை இருக்கும்.